விளக்கின் முன்னால் வெறுங்கால்

அந்த வீட்டுக் கதவுக்கு உட்புறத்தில் எனக்கென்று ஒரு சோடி வீட்டுச் செருப்பு இருந்தது. நீலக் கம்பளித் துணி, மெல்லிய ரப்பர் அடி. வேலைக்குப் போன முதல் நாளே டொத்தொரேஸ்ஸா குனிந்து அதை என் முன்னால் வைத்தார். நான் சப்பாத்தைக் கழற்றினேன், செருப்பைத் தாண்டினேன், வெறுங்காலோடு உள்ளே போனேன். எங்கள் சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

டொத்தொரேஸ்ஸா என்பது இந்த ஊரில் பெண் மருத்துவரைக் கூப்பிடும் சொல். அவர் செர்பியாக்காரி. எண்பது வயதைத் தாண்டியவர். மருத்துவம் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார், கவிதை செய்வதை விடவில்லை. இத்தாலியின் தெற்கே, பலெர்மோவின் பழைய நகரத்தில், பல்லாரோ சந்தைக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். நான் அதே அல்பெர்கேரியாப் பகுதியில் நாலு சந்து தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்தான். பிறர் வீடுகளைத் துப்புரவாக்குவது தொழில். எழுதுவது தொழிலில்லை, ஆனால் அது இல்லாமல் இருக்க முடியாது. வரியை உடைக்காமல், உரைநடையில் எழுதுகிற ஆள் நான். நடக்கும்போதுதான் எனக்குச் சொல் வரும். நகரத்து ஓரத்தில் இருக்கும் பிரான்காச்சோவில் ஒரு வீட்டு வேலை முடிந்தால், வரும் பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு, வெயிலென்றும் பாராமல் நடந்தே திரும்புவேன். கதிரையில் இருத்தி எழுதச் சொன்னால் என் தலைக்குள் ஒரு இலைகூட அசையாது.

டொத்தொரேஸ்ஸாவும் நானும் கதைப்பது இத்தாலியனில். அவருடையது செர்பிய வாடை அடிக்கும் இத்தாலியன், என்னுடையது சந்தை இத்தாலியன். நினைக்கும்போது அவர் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

“செருப்பைப் போடும். மாபிள் நிலத்துக் குளிர் காலாலை ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகும்.”

“நீங்கள் படிச்ச வைத்தியத்திலை அப்பிடி இருக்கோ?”

“வைத்தியத்திலை இல்லை. செர்பியாவிலை இருக்கு.”

நான் போடாததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. அவருடைய கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு புனிதரின் படம் இருக்கிறது. குதிரையில் இருந்தபடி ஒரு பெரிய பாம்பை ஈட்டியால் குத்துகிறார். முன்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் எண்ணெய் விளக்கு. ஒவ்வொரு செர்பியக் குடும்பத்துக்கும் வழிவழியாக ஒரு புனிதர் உண்டாம், எங்களுக்குக் குலதெய்வம் இருப்பதுபோல. குசினிக்குப் போவதென்றாலும் குளியலறைக்குப் போவதென்றாலும் அந்த விளக்கைக் கடந்துதான் போகவேண்டும்.

“விளக்கு எரியுது, டொத்தொரேஸ்ஸா. எரியிற விளக்குக்கு முன்னாலை செருப்போடை நிக்க எனக்கு ஏலாது.”

“அவர் எங்கடை வீட்டுப் புனிதர். உங்கடை ஆள் இல்லை.”

“விளக்குக்கு அது தெரியுமோ?”

அவர் சிரித்தார். ஆனால் செருப்பை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது அங்கேயே கிடந்தது, தோல்வியை ஒப்புக்கொள்ளாத ஆள்போல.

இன்னொரு வழக்கமும் அந்த வீட்டில் இருந்தது. உள்ளே வருகிறவருக்கு முதலில் ஒரு தட்டு நீட்டப்படும். அதில் சின்னக் கிண்ணம் நிறையச் சீனிப்பாகில் ஊறிய பழம், ஒரு கரண்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீர். வந்தவர் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டு, கரண்டியைத் தண்ணீருக்குள் போட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டும். அதன் பிறகுதான் சுகம் விசாரிப்பு. பல்லாரோவில் பச்சை அத்திக்காய் வந்தால் அத்திக்காய்ப் பாகு, எலுமிச்சை வந்தால் எலுமிச்சைத்தோல் பாகு. வேலைக்காரனுக்குத் தட்டு நீட்டும் வீடு இந்த ஊரில் அதிகம் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கரண்டியை ஏதோ பட்டம் வாங்குவதுபோல வாங்கினேன்.

எனக்குச் சலரோகம், சீனி வியாதி. குளிசை எடுப்பவன். முதல் நாள் அதைச் சொல்லியிருக்கலாம். வந்த வீட்டில் முதன்முதலாக நீட்டுவதை எப்படி வேண்டாமென்பது? ஒரு கரண்டிதானே. இரண்டாம் முறை வேண்டாமென்றால் முதல் முறை கொடுத்தது ருசிக்கவில்லை என்று ஆகிவிடும். மூன்றாம் முறை அது வழக்கமாகிவிட்டது. வழக்கமானபின் மறுப்பதற்கு எங்கள் ஆட்களிடம் முறையே கிடையாது.

அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன், யன்னல் துடைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும். பிறந்தது ஒரு செம்புச் சுரங்க ஊரில். படித்து முடித்ததும் அதே ஊரின் சின்ன வைத்தியசாலைக்குத் திரும்பிப் போனார். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களின் நெஞ்சைக் கேட்பது வேலை. ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கினாலும், முதலில் காதை நேரே முதுகில் வைத்துக் கேட்பாராம். “குழாய்க்குள்ளாலை வாற சத்தத்திலை ஆள் இருக்காது,” என்றார். அவருடைய முதல் புத்தகம் முழுவதும் முதுகுகள். தூசி நிறைந்த மூச்சுகள், இருமலுக்கு முன்னால் வரும் மௌனங்கள். ஒரு முகம்கூட இல்லை. இந்தப் பெண் மனிதரின் முகத்தைப் பார்ப்பதேயில்லையா என்று யாரோ பத்திரிகையில் கேட்டிருந்தாராம்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“ஒண்டும் சொல்லேல்லை. அவர் ஒருக்கால் இருமியிருந்தால் சொல்லியிருப்பன்.”

பிறகு அவருடைய நாடு உடைந்தது. காயப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்காமல் தைத்தார். அந்த ஆண்டுகளில் கவிதை வரவில்லை. ஏன் என்று கேட்டேன். “காது நிறைஞ்சுபோய் இருந்தது,” என்றார். நானும் ஒரு போரிலிருந்து வந்தவன். அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததில்லை. கதைக்காமல் இருப்பதற்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது. எனக்கு அது மூன்றாம் மாடியில் கிடைத்தது.

கணவர் இறந்தபின், பலெர்மோத் துறைமுகத்தில் வேலை செய்த மகன் அவரை இங்கே அழைத்துக்கொண்டான். பின்னர் மகனுக்கு வடக்கே வேலை மாறியது. தாய் போகவில்லை. “இந்தச் சத்தத்தை விட்டிட்டு எங்கை போறது?” கீழே சந்தையில் கூவி விற்கிறவர்கள் அவருக்கு உறவுக்காரர். “கத்தரிக்காய்க்காரன் என்னைவிடத் திறமான கவி. மூச்சு எங்கை எடுக்கிறது எண்டு அவனுக்குத் தெரியும்.”

அவருக்குக் கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் வருவது தெரியும், எழுத்துத் தெரியாது. அதனால் கவிதையைக் கடதாசியில் செய்வதில்லை. காலையில் யன்னலோரத்து மேசையில் இருந்து, தன் மொழியில் மெதுவாகச் சொல்லிச் சொல்லி, விரலால் மேசையைத் தட்டுவார். நாலு தட்டு, ஒரு மூச்சு, பிறகு ஆறு தட்டு. அவர்களுடைய பழைய பாட்டுகளின் அளவு அதுதானாம். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் எடுக்கும்போது மனப்பாடமாகச் சொல்ல, அவன் எழுதிக்கொள்வான். ஆக, கிழமை நடுவில் பிறக்கும் ஒரு வரி ஞாயிறு வரைக்கும் அந்தத் தலைக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அந்தத் தட்டு விளங்கும். என் தும்புத்தடி தன்பாட்டில் நாலும் ஆறுமாகக் கூட்டத் தொடங்கிவிடும். இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைபோல இருக்கும் அந்த வீடு.

அந்தக் காலையும் அப்படித்தான் இருந்தது. நான் கதவடி நடையைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு விளக்குப் பக்கம் வந்தேன். நாலு தட்டினார். மூச்சு எடுத்தார். ஆறு வரவில்லை.

“நில்லும்,” என்றார். “திரும்பிக் கதவடிக்குப் போய் நடந்து வாரும்.”

நடந்தேன்.

“இன்னொருக்கால்.”

“என்ன டொத்தொரேஸ்ஸா?”

“இடது காலை நீர் முழுசா வைக்கேல்லை. ஓரத்தாலை வைக்கிறீர். போன கிழமை இப்பிடி இல்லை. அங்கை ஏதோ ஈரமாயும் ஒட்டுது.”

“நிலம் துடைச்ச ஈரம்.”

“துடைக்கிறதுக்கு முதல் எப்பிடி ஈரம்? இஞ்சை வந்து இரும்.”

தன் கதிரைக்கு எதிரே என்னை இருத்தினார். அடுத்துச் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தாய் வயதுக்காரியின் மடியில் என் பாதம். சுவரில் விளக்கு எரிகிறது. நான் இழுத்தேன்.

“விடுங்கோ. கால் உங்களிலை படக்கூடாது.”

“ஏன், கடிக்குமோ?”

“எங்களுக்கு அது பாவம்.”

“எனக்கு அது தொழில். பேசாமல் இரும்.”

கண் தெரியாதவரின் விரல்கள் உள்ளங்காலில் மெல்ல மெல்ல நகர்ந்தன. சின்ன விரலுக்குக் கீழே, சதை தடித்த இடத்தில் நின்றன. புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இஞ்சை நோகுதோ?”

“இல்லை.”

“இப்ப?”

“இல்லை. நீங்கள் தொடுறீங்களோ?”

அவர் தலையை நிமிர்த்தினார். நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய பெருவிரல் என் காலில் ஒரு புண்ணுக்கு மேல் அழுத்தமாகப் பதிந்திருந்தது. சுற்றிவரச் சிவந்து வீங்கியிருந்தது. சீழ் கசிந்தது. என் கால் அது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோலக்கூட இல்லை.

“எவ்வளவு காலமாய்ச் சீனி?” என்று கேட்டார்.

சொன்னேன்.

அவர் தட்டு இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். கிண்ணத்தில் அத்திக்காய்ப் பாகு. என் கரண்டி குவளைக்குள் இருந்தது. கீழே கத்தரிக்காய்க்காரன் கூவிக்கொண்டிருந்தான்.

“நான் வைத்தியர்,” என்றார். “நான் உமக்குக் கரண்டியாலை ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்.”

“நல்ல ருசியாயிருந்தது, டொத்தொரேஸ்ஸா.”

“வாயை மூடும். போனை எடும்.”

தெரிந்த மருத்துவர் ஒருவருக்குப் போன் எடுத்து, அன்று மத்தியானத்துக்குள் என்னை வைத்தியசாலையில் சேர்ப்பித்தார். அங்கே காலைப் பார்த்த இளம் மருத்துவர் நல்லவர். சுற்றி வளைக்காமல் சொன்னார். சீனி வியாதியால் காலின் உணர்ச்சி மரத்துவிட்டது. தொற்று எலும்புக்குப் போயிருந்தால் சின்ன விரலையும் பக்கத்து விரலையும் எடுக்கவேண்டி வரும். அதோடு நிற்காமலும் போகலாம். படம் எடுத்துத்தான் சொல்லமுடியும். எப்படி வந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

படம் எடுத்தார்கள். முடிவு வரும்வரைக்கும் வைத்தியசாலையின் நடைக்கூடத்தில் ஒரு தள்ளுகட்டிலில் கிடந்தேன். எனக்கு அப்போது விரல்கள் நினைவில் இல்லை. பிரான்காச்சோவிலிருந்து திரும்பும் அந்த நீண்ட வீதிதான் நினைவில் வந்தது. ஒரு பக்கம் பட்டறைகள், மற்றப் பக்கம் உடுப்புக் காயும் மாடிகள், நடக்க நடக்க வாக்கியம் தானாக நீளும் அந்த இடம். இனி அது பஸ் யன்னலுக்குள்ளால்தானோ? நடக்காவிட்டால் நான் எழுதுவேனோ?

மனைவி தான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“என்னப்பா இது? நோகேல்லையோ?”

“இல்லை.”

“ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை செருப்பைக் கையிலை பிடிச்சுக்கொண்டு கல்லிலை நடந்தனீங்கள். சொன்னனான் எல்லே? கல்லிடுக்கிலை கடல் முள்ளெலி கிடக்கும், முள்ளுக் குத்தும் எண்டு சொன்னனான் எல்லே?”

அப்போதுதான் எனக்கே அது ஞாபகம் வந்தது. ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போய், சாப்பாட்டுக்கு முன் கடலில் காலை நனைத்தேன். குத்தியது தெரியவில்லை.

சற்று நேரத்தில் அந்த நடையின் மறுமுனையில் ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு கைத்தடியும் தெரிந்தன. டொத்தொரேஸ்ஸா. மூன்று மாடிப் படியை அவர் இறங்கி நான் கண்டதேயில்லை. சந்தையின் மீன்காரன் கையைப் பிடித்து இறக்கி டாக்ஸியில் ஏற்றிவிட்டானாம். கோட்டில் இன்னும் மீன் வாசம். மனைவி எழுந்து தன் கதிரையைக் கொடுத்தாள். நான் இருவரையும் அறிமுகம் செய்தேன். கரண்டிக் கதையும் அதோடு வெளியே வந்துவிட்டது.

மனைவிக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. “டொத்தொரேஸ்ஸா, இந்த மனிசனுக்கு ஆர் என்ன குடுத்தாலும் வேண்டாம் எண்டு சொல்ல வாய் வராது. எனக்கு மட்டும்தான் சொல்லுவார்.”

“என்ரை மனிசன் உயிரோடை இருந்தால் உமக்குப் பக்கத்திலை இருந்து என்னைப்பற்றி முறைப்பட்டிருப்பார்,” என்றார் அவர். “ரெண்டுபேருக்கும் நல்லாய்ப் பொழுது போயிருக்கும்.”

பிறகு மூவரும் காத்திருந்தோம். வாழ்நாள் முழுக்க வைத்தியராகக் கதவுக்கு மறுபக்கத்தில் நின்றவர் இப்போது காத்திருப்பவர்களின் கதிரையில் இருந்தார். விரல்கள் கைத்தடிப் பிடியில் சும்மா கிடந்தன. தட்டவில்லை. அதைப் பார்த்ததும் கேட்டேன்.

“காலமை நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த வரி என்ன, டொத்தொரேஸ்ஸா?”

“போயிட்டுது.”

“எங்கை?”

“நாலு வந்திருந்தது. நல்ல நாலு. ஆறும் வாசலிலை நிண்டது. உம்மடை காலடி கேட்டுது. அதைக் கேக்கப் போக, நாலும் போயிட்டுது.”

குறையாகச் சொல்லவில்லை. குடையை பஸ்ஸில் விட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் நானும் எழுதுகிறவன். வாசல்வரை வந்த ஒரு வரிக்காக ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் சோறு கருக விட்டிருக்கிறேன். மனைவி கூப்பிட்டது கேட்காததுபோல இருந்திருக்கிறேன். கண்ணுமில்லாமல் கடதாசியுமில்லாமல் ஞாயிறுவரைக்கும் தலையில் சுமக்கவேண்டிய ஒரு வரியைப் பாதியில் கீழே வைத்துவிட்டு அந்த மனுசி என் காலைத் தூக்கினார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மனைவி என் போர்வையைச் சரிசெய்தாள்.

இளம் மருத்துவர் வந்தார். எலும்பு சுத்தம், என்றார். சதைக்குள் கறுப்பாக ஒரு முள்துண்டு இருக்கிறது, அதை எடுத்துக் கழுவிவிட்டால் போதும். இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் வேறு கதை. டொத்தொரேஸ்ஸா கையை நீட்டினார். மருத்துவர் தன் கையைக் கொடுப்பதற்குள் மனைவி தன் கையைக் கொடுத்துவிட்டாள். அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

காயம் ஆற நாளெடுத்தது. காலை உயர்த்தி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். ஒரு சொல் வரவில்லை. வராவிட்டாலும் இம்முறை பயமில்லை, காலுக்கும் சொல்லுக்கும் இடையே வழி திறந்துதான் இருக்கிறது. அந்த நாட்களில் டொத்தொரேஸ்ஸாவின் வீட்டை மனைவி போய்த் துப்புரவாக்கினாள். திரும்பி வந்து, “உங்களைவிட நான் கெதியாய்க் கூட்டுறனாம், ஆனா என்ரை கூட்டுக்குத் தாளம் இல்லையாம்,” என்று முறைப்பட்டாள்.

நான் திரும்பிப் போன காலை, கதவடியில் பழைய நீலச் செருப்பு இல்லை. தடித்த அடியும் மூடிய முன்பக்கமும் கொண்ட புதுச்செருப்பு இருந்தது. இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று வைத்தியசாலையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றினேன். செருப்பைப் பார்த்தேன். கூடத்தில் விளக்கைப் பார்த்தேன். கால் எழும்பவில்லை.

டொத்தொரேஸ்ஸா சுவரைத் தடவிக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனார்.

“கிழமைக்கு ஒருக்கால் இவரைத் துடைக்கிறனீர். இவரின்ரை காலை ஒருநாளாவது பார்த்தனீரோ? எனக்கு இப்ப தெரியாது. சின்னனிலை பார்த்த ஞாபகம்.”

வாசலில் நின்றபடியே பார்த்தேன். குதிரை தெரியும், பாம்பு தெரியும், ஈட்டி தெரியும். கால்களை நான் பார்த்ததேயில்லை. முழங்கால்வரைக்கும் சிவப்புத் தோல் சப்பாத்து. விளக்கின் சுடர் நேராக அதன் நுனியில்தான் விழுந்துகொண்டிருந்தது.

“சப்பாத்துப் போட்டிருக்கிறார்,” என்றேன்.

“எத்தினையோ தலைமுறையாய்ப் போட்டிருக்கிறார். விளக்கு அணையேல்லை.”

செருப்பைப் போட்டேன். மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு விளக்கைக் கடந்தேன். அவர் தட்டைக் கொண்டுவந்தார். கிண்ணம் இல்லை. ஒரு குவளைத் தண்ணீர், பக்கத்தில் வெறும் கரண்டி.

“கரண்டி எதுக்கு?”

“கரண்டி இல்லாமல் தண்ணி குடுத்தால் குளிசை போடத் தாற மாதிரி இருக்கும். நீர் இப்ப நோயாளி இல்லை. வீட்டுக்கு வந்த ஆள்.”

கரண்டியை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டேன். கண்ணாடியில் பட்டுச் சின்னதாக ஒலித்தது. அண்ணாந்து முழுவதும் குடித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சுகமோ என்று விசாரிக்க, நான் ஓம் என்றேன்.

தும்புத்தடியை எடுத்துக்கொண்டு நடையின் முனைக்குப் போனேன். அவர் மேசைக்குப் போனார். புதுச்செருப்புக்கு வேறு சத்தம், கொஞ்சம் கனமான, மாட்டுக் குளம்புபோல. நாலு தட்டு கேட்டது. மூச்சு. ஆறு வரவில்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். காலைப் பார்த்தேன். இரண்டு பாதமும் முழுதாகத்தான் நிலத்தில் இருந்தன.

“ஏன் நிக்கிறீர்?” என்று கேட்டார்.

“நீங்கள் நிண்டுட்டீங்கள்.”

“நான் சொல்லைத் தேடுறன். நீர் நடவும்.”